ரெண்டு பிள்ளைக்கு மாசம் 600 வெள்ளி: இந்தக் கணக்கு எங்கேருந்து வந்துச்சு?

பட்டர்வொர்த்_தாய் | செவ்வாய், இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன். இன்னைக்கு எழுதித்தான் ஆகணும்.

நானும் வீட்டுக்காரரும் பிரிஞ்சு ஒன்பது மாசம் ஆகுது. விவாகரத்து மனு இன்னும் போடல. மகளுக்கு 11 வயசு, தமிழ்ப்பள்ளியில அஞ்சாம் ஆண்டு. மகனுக்கு 5, தாடிகா (பாலர் பள்ளி) போறான், அவனுக்கு வீசிங் இருக்கு. ரெண்டு பேரும் என்கிட்டதான். அவர் பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு தொழிற்சாலையில டெக்னீஷியன், ஷிஃப்ட் வேலை. நான் பிறையில ஒரு கிளினிக்ல கவுண்டர்ல இருக்கேன், கைக்கு 2,400 வெள்ளி (ரிங்கிட்) வருது.

இந்த ஒன்பது மாசத்துல பிள்ளைங்க செலவுக்கு அவர் சில மாசம் 300 கொடுத்தார், சில மாசம் 500, ரெண்டு மாசம் ஒண்ணுமே இல்ல. போன வாரம் உட்கார்ந்து பேசினோம். போனைக் காட்டி, "சட்டப்படி ரெண்டு பிள்ளைக்குச் சம்பளத்துல 16 விழுக்காடு. என் சம்பளம் 3,300. கணக்குப்படி 528 தான் வருது, நான் 600 தர்றேன்"னு சொன்னார். ஒரு இணையப் பக்கத்துல சம்பளத்தைத் தட்டினா அதுவே கணக்குப் போட்டுக் காட்டுது. நானும் பார்த்தேன். அதுக்கு மேல எனக்குப் பேச வாய் வரல.

மகனைப் பார்த்துக்கிற அக்காவுக்கு மட்டுமே மாசம் 350 போகுது. நிஜமாவே சட்டத்துல 16 விழுக்காடுன்னு இருக்கா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா | செவ்வாய், இரவு 10:58

தங்கச்சி, 600-ன்னு எழுதின எந்தத் தாள்லயும் இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுடாதீங்க. விவரம் தெரிஞ்சவங்க வருவாங்க.

வழக்குக்கட்டு | செவ்வாய், இரவு 11:35

கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 26 ஆண்டுகள் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வழக்கறிஞர் இல்லை. ஆனால் குடும்ப வழக்குக் கோப்புகள் என் கை வழியாகத்தான் ஜாலான் டூத்தா நீதிமன்றத்துக்குப் போய் வந்தன, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மா, உங்கள் கணவர் காட்டிய கணக்கு பொய்யில்லை. ஆனால் நம் நாட்டுக் கணக்கில்லை. அது பிரிட்டனுடையது. அங்கே இதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது. பணம் கட்ட வேண்டியவரின் வாரச் சம்பளத்தில் ஒரு பிள்ளைக்கு 12 விழுக்காடு, இரண்டு பிள்ளைக்கு 16, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 19. வாரத்துக்கு 800 பவுன் வரைக்கும்தான் இந்த விகிதம், அதற்கு மேல் போகும் பணத்துக்கு விகிதம் குறையும். பிள்ளை வருஷத்தில் 52 இரவாவது அப்பா வீட்டில் தங்கினால் ஏழில் ஒரு பங்கு கழிவு, இரவுகள் கூடக் கூடக் கழிவும் கூடும். எல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும், அதனால்தான் இணையப் பக்கத்தில் எண்ணைத் தட்டினால் விடை வருகிறது.

மலேசியாவில் அப்படி எந்தச் சூத்திரமும் கிடையாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976-ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் பிரிவு 92 சொல்வது இதுதான்: பிள்ளை யாரிடம் இருந்தாலும் சரி, தாய் தகப்பன் ஒவ்வொருவரும் தன் வசதிக்கும் வாழ்க்கை நிலைக்கும் ஏற்றபடி நியாயமான அளவில் இருப்பிடம், உடை, உணவு, கல்வி கொடுக்க வேண்டும், அல்லது அதற்கான செலவை ஏற்க வேண்டும். விழுக்காடு என்ற சொல்லே அங்கே இல்லை. நீதிபதி பார்ப்பது இரண்டே இரண்டு: பிள்ளைக்கு என்ன தேவை, பெற்றோரால் எவ்வளவு முடியும்.

இன்னொன்று. விவாகரத்து மனு போடாவிட்டாலும் நீங்கள் கேட்கலாம். 1950-ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. மனைவியையோ பிள்ளையையோ கவனிக்காமல் விட்டவரை மாதாமாதம் பணம் கட்டச் சொல்லிக் கீழ் நீதிமன்றத்திலேயே உத்தரவு வாங்கலாம்.

செந்தூல்காரன் | புதன், காலை 6:50

தகப்பன் பக்கத்திலிருந்து ஒண்ணு சொல்லணும். நான் மாசம் 1,100 கட்டுறேன், மூணு வருஷமா. சூத்திரம் இல்லன்னு பெருமையா சொல்றதை என்னால ஒத்துக்க முடியல. சூத்திரம் இல்லாததாலதான் என் கேஸ் ஒன்றரை வருஷம் இழுத்துச்சு. அவங்க லாயர் 2,800 கேட்டார், என் லாயர் 500 சொன்னார். ரெண்டுமே உண்மை இல்லன்னு கோர்ட்ல இருந்த எல்லாருக்கும் தெரியும். கடைசியில நடுவுல ஒரு எண்ணுக்கு வந்து நின்னோம், அதுக்குள்ள ரெண்டு பேரும் லாயருக்குக் கொடுத்த பணத்துல பிள்ளையை ஒரு வருஷம் வளர்த்திருக்கலாம். அந்த ஊர்க்காரங்க மாதிரி ஒரு விகிதம் எழுதிவச்சிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்.

வழக்குக்கட்டு | புதன், காலை 9:15

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த இழுபறியை நான் நூறு கோப்புகளில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் மனம் சூத்திரத்தின் பக்கம் போகவில்லை. வீசிங் இருக்கிற பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் சூத்திரம் ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். தாய்க்குச் சம்பளம் 2,400-ஆ 12,000-ஆ என்றும் அந்த 16 விழுக்காடு கேட்பதில்லை, கட்டுகிறவரின் வருமானத்தை மட்டும்தான் பார்க்கிறது. நம் சட்டம் இரண்டு பேரையும் பார்க்கச் சொல்கிறது. வசதி இருக்கிற தாயையும் பணம் கட்டச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, பிரிவு 93-லேயே இருக்கிறது.

இழுபறிக்குக் காரணம் சூத்திரம் இல்லாதது மட்டுமல்ல. இரண்டு தரப்பும் கணக்கில்லாமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வருவதுதான். 2,800 கேட்டவர்கள் அது எப்படி வந்தது என்று காட்டினார்களா?

செந்தூல்காரன் | புதன், காலை 9:40

இல்ல. ஒரே வரி, "பிள்ளையின் செலவு 2,800". நானும் எதுவும் காட்டல, அதையும் சொல்லணும்.

கணக்குப்பிள்ளை_பிறை | புதன், மதியம் 1:20

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் தங்கைக்கு இதே நிலை வந்தபோது அவளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

பட்டர்வொர்த் சகோதரி, அவர் 3,300 என்று சொன்னது அடிப்படைச் சம்பளமா? ஷிஃப்ட் அலவன்ஸ், ஓவர்டைம் சேர்த்தா? அந்தப் பிரிட்டன் கணக்கே மொத்தச் சம்பளத்தின் மேல்தான் போடப்படுகிறது, அடிப்படைச் சம்பளத்தின் மேல் இல்லை.

பட்டர்வொர்த்_தாய் | புதன், மாலை 6:05

அடிப்படைதான். ஷிஃப்ட் அலவன்ஸ் 400. ஓ.டி. மாசத்துக்கு மாசம் மாறும், 1,600 கிட்ட வரும். வீட்டுல ஒண்ணா இருந்தப்ப பேங்க்ல 4,800 கிட்ட விழும், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா கேட்டா இபிஎஃப் (சேமநிதி) அறிக்கையை நீட்டுறார், அதுல சம்பளம் கம்மியாத்தான் தெரியுது.

கணக்குப்பிள்ளை_பிறை | புதன், இரவு 9:10

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் பிடிப்பதில்லை. அதனால் இபிஎஃப் அறிக்கையை வைத்துச் சம்பளத்தைக் கண்டுபிடிக்கப் போனால் ஓ.டி. முழுவதும் மறைந்துவிடும். ஆண்டுதோறும் முதலாளி கொடுக்கும் இஏ பாரத்தைக் கேளுங்கள், அதில் மொத்த வருமானம் இருக்கும். பிறகு பே ஸ்லிப், வங்கிக் கணக்கு அறிக்கை. ஓ.டி. ஏறி இறங்கும் என்பதால் ஒரு மாதத்தை மட்டும் பார்க்கக் கூடாது, ஆறு மாதம், முடிந்தால் பன்னிரண்டு மாதச் சராசரி எடுக்க வேண்டும். வழக்கு என்று போனால் இரண்டு பேரும் வருமானத்தைச் சத்தியப்பிரமாணத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது பிள்ளைகளின் பக்கம். சகோதரி, ஒரு நோட்டு எடுங்கள். மகளுக்கு ஒரு பக்கம், மகனுக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம். மாதம் ஒருமுறை வருவதை அப்படியே எழுதுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை வருவதை, பள்ளி உடை, காலணி, புத்தகம், தாடிகா பதிவுக் கட்டணம், எல்லாவற்றையும் பன்னிரண்டால் வகுத்து எழுதுங்கள். என் தங்கை முதலில் விட்டது அதைத்தான். பள்ளி திறக்கிற மாதத்தில் 1,300 வெள்ளி செலவு செய்துவிட்டு, மாதக் கணக்கில் அதற்கு இடமே வைக்கவில்லை.

எழுதியதை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

சூலியா_தெரு | புதன், இரவு 9:48

நாங்க தமிழ் முஸ்லிம், ஜார்ஜ்டவுன். எங்களுக்கு மேல சொன்ன 1976 சட்டம் கிடையாது, மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டமும் ஷரியா நீதிமன்றமும்தான். பிள்ளைக்கான நஃப்கா, அதாவது பராமரிப்புப் பணம், முதல்ல தகப்பன் கடமை. ஆனா அங்கயும் விழுக்காடு இல்ல, தேவையையும் அவரோட வசதியையும்தான் பார்க்கிறாங்க. உத்தரவு வந்தும் பணம் வரலன்னா ஷரியா நீதித்துறையில குடும்ப ஆதரவுப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பி.எஸ்.கே.ன்னு சொல்வாங்க. வசூல் பண்ணித் தர உதவி செய்றாங்க. எனக்கு அங்க இருந்தவங்க ரொம்ப பொறுமையா வழி சொன்னாங்க. நம்ம இனத்துப் பெண்கள் நிறையப் பேருக்கு இது தெரியாது, அதனால எழுதுறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா | வியாழன், காலை 8:12

இது நல்ல தகவல் தங்கச்சி. பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட சொல்றேன்.

பட்டர்வொர்த்_தாய் | சனி, இரவு 11:30

மூணு நாள் உட்கார்ந்து எழுதினேன். பழைய ரசீது, டச் அண்ட் கோ செயலியில பணம் கட்டின பட்டியல் எல்லாம் தேடினேன்.

மகள்: வேன் 110. பள்ளிக் காசு 80. டியூஷன் 150. பரதம் 80. சாப்பாடு 300. மருந்து, டாக்டர் 30. உடுப்பு, காலணி, பள்ளிச் சாமான் வருஷத்துக்கு 900, மாசத்துக்கு 75. கூட்டினா 825.

மகன்: தாடிகா 250. பதிவும் புத்தகமும் வருஷத்துக்கு 600, மாசத்துக்கு 50. பார்த்துக்கிற அக்காவுக்கு 350. சாப்பாடு 250. பால் 90. வீசிங் மருந்து, கிளினிக் 60. உடுப்பு வருஷத்துக்கு 480, மாசத்துக்கு 40. கூட்டினா 1,090.

வீடு: வாடகை 900, கரண்ட், தண்ணி, இணையம் 260. மொத்தம் 1,160.

எழுதி முடிச்சப்ப அழுகை வந்துடுச்சு. இவ்வளவு போகுதுன்னு எனக்கே தெரியாது. போன மாசம் மகளோட பரதம் கட்டணத்தைக் கட்டாம விட்டுட்டு, டீச்சர்கிட்ட ஏதோ சாக்குச் சொன்னேன். எதுக்கும் காசு பத்தலன்னு மட்டும் தெரியும், ஏன்னு தெரியல.

கணக்குப்பிள்ளை_பிறை | ஞாயிறு, காலை 10:25

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக் கணக்கு மட்டும் பேச வேண்டும். மூன்று பேர் இருக்கிறீர்கள், 1,160-ஐ மூன்றாக வகுத்தால் பிள்ளைகள் பங்கு 773 என்று சிலர் எழுதுவார்கள். நான் வேறு மாதிரி பார்ப்பேன். பிள்ளைகள் இல்லாமல் நீங்கள் தனியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஓர் அறை எடுத்திருப்பீர்கள்.

பட்டர்வொர்த்_தாய் | ஞாயிறு, காலை 10:40

ஆமா அண்ணே. எல்லாம் சேர்த்து 450-க்கு அறை கிடைக்கும் எங்க பக்கம்.

கணக்குப்பிள்ளை_பிறை | ஞாயிறு, காலை 11:15

அப்படியென்றால் பிள்ளைகளுக்காகக் கூடுதலாக ஆகும் வீட்டுச் செலவு 710. 773-ஐ விடக் குறைவுதான், ஆனால் எதிர்த் தரப்பு கேள்வி கேட்டால் அசையாமல் நிற்கும் எண் இது. குறைத்து எழுதியதாகவே தெரியட்டும், ஊதி எழுதியதாகத் தெரிய வேண்டாம்.

825, 1,090, 710. மொத்தம் 2,625 வெள்ளி. இது பிள்ளைகளின் ஒரு மாதம்.

இப்போது இரண்டு பேரின் கை. நீங்கள் 2,400. அவருடைய அடிப்படை 3,300, அலவன்ஸ் 400, ஓ.டி. 1,600, மொத்தம் 5,300. இபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), வரி போனால் 4,800 என்று நீங்கள் சொன்னது சரியாகத்தான் வருகிறது. உங்களுடையது ஒரு பங்கு, அவருடையது இரண்டு பங்கு. அந்த விகிதத்தில் பிரித்தால் அவர் 1,750, நீங்கள் 875.

ஓ.டி.யும் அலவன்ஸும் இல்லாமல் வெறும் அடிப்படையில் போட்டால் அவர் கைக்கு 2,900 சொச்சம், அவர் பங்கு 1,440 அளவில் வரும். அவருக்கு மிகச் சாதகமாகக் கணக்குப் போட்டாலும் 600 எங்கேயும் வரவில்லை.

வழக்குக்கட்டு | ஞாயிறு, மதியம் 12:30

ஒரு எச்சரிக்கை. வருமான விகிதத்தில் பிரிக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. இது நியாயத்தைக் காட்ட ஒரு வழி, வழக்கறிஞர்கள் இப்படி எழுதி வாதாடுவதுண்டு. நீதிபதி 1,750-ஐ அப்படியே ஏற்கலாம், பரதத்தை எடுத்துவிடலாம், உங்கள் கணவர் பக்கச் செலவைப் பார்த்துக் குறைக்கலாம். ஆனால் உங்கள் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் ரசீது இருந்தால் அவர் எதைக் குறைக்கிறார் என்று சொல்லித்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

செந்தூல்காரன் | ஞாயிறு, மதியம் 2:05

கணக்கு சரி. ஆனா அந்த மனுஷனுக்கு மிஞ்சுறதையும் பாருங்க. 4,800-ல 1,750 போனா 3,050. அவரும் எங்கயோ தங்கணும். பிள்ளைங்க சனி ஞாயிறு வந்தா படுக்க இடம் வேணும், அறை எடுத்துத் தங்கினா பிள்ளைங்களை எங்க படுக்க வைப்பார்? கார் தவணை, பாலம் டோல், பெட்ரோல். வயசான அம்மா இருந்தா அவங்களுக்குக் கொடுக்கணும். எனக்கு அந்த மூணு வருஷத்துல ராத்திரி சாப்பாடு பாதி நாள் மெகி மீ தான். இதை யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல.

பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா | ஞாயிறு, மதியம் 2:50

தம்பி, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நான் மூணு பிள்ளைங்களைத் தனியா வளர்த்தவ. எங்க வீட்டுலயும் மெகி மீ தான், ஆனா நாலு பேருக்கு.

கணக்குப்பிள்ளை_பிறை | ஞாயிறு, மாலை 4:30

அண்ணன் சொன்னதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். "வசதிக்கு ஏற்றபடி" என்று சட்டமே சொல்கிறதே. அவருக்கும் ஒரு நோட்டு வேண்டும். வாடகை, வேலைக்குப் போகிற செலவு, பிரிவதற்கு முன்பே இருந்த வீட்டுக் கடன், பெற்ற தாய்க்குக் கொடுப்பது, இதெல்லாம் நியாயமான செலவு. பிரிந்த பிறகு எடுத்த புதுக் காரும், கிரெடிட் கார்டில் ஏற்றிய கடனும் அந்த வரிசையில் வராது என்பது என் கருத்து. பிள்ளையின் பால் காசுக்கு முன்னால் பைக் தவணையை வைத்து எழுதிய பட்டியலையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் அவரிடம் தங்கும் நாட்களுக்குக் கொஞ்சம் கழிக்கலாம். ஆனால் சாப்பாட்டில் மட்டும்தான் கழியும். சனி ஞாயிறு அப்பா வீட்டுக்குப் போனால் வேன்காரர் கட்டணத்தைக் குறைக்க மாட்டார், வாடகையும் குறையாது.

பட்டர்வொர்த்_தாய் | திங்கள், இரவு 10:15

இன்னைக்கு இந்தத் தாளைக் காட்டினேன். முதல்ல பார்க்கவே மாட்டேன்னார். அப்புறம், "சரி, நான் பிள்ளைங்களைக் கேட்டுச் சண்டை போடல, நீயும் பணம் கேட்காதே, சேர்ந்து மனு போட்டு சீக்கிரம் முடிச்சுக்கலாம்"னு சொல்றார். எனக்கு மனசு தடுமாறுது. பிள்ளைங்க என்கிட்ட இருந்தா போதும்னு ஒரு பக்கம் தோணுது.

வழக்குக்கட்டு | திங்கள், இரவு 10:50

வேண்டாம் அம்மா. அந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பராமரிப்புத் தொகை உங்களுக்குத் தருகிற பணம் இல்லை. அது பிள்ளைகளுடையது, உங்கள் கையில் வந்து சேருகிறது, அவ்வளவுதான். பிள்ளைக்குச் சேர வேண்டியதைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் பிரிவு 97-இன்படி, அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பிள்ளையின் நலனுக்காக அதை மாற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் மறுபடி வழக்குப் போட்டு மாற்றுவது பெரிய அலைச்சல், இப்போதே சரியாக எழுதுவது எளிது.

கூட்டு மனு நல்ல வழிதான். செலவு குறைவு, திருமண சமரசக் குழுவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் மனுவில் தொகை, தேதி, வங்கிக் கணக்கு எல்லாம் எழுதி, நீதிமன்ற உத்தரவாக வர வேண்டும். வாய்ப் பேச்சாக விட்டால் நாளைக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

பிள்ளை யாரிடம் என்பதும் விலைக்கு விற்கிற பொருள் இல்லை. ஏழு வயதுக்குக் கீழுள்ள பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது, தகுந்த காரணம் காட்டினால் மட்டுமே மாறும். உங்கள் மகனுக்கு ஐந்துதான் ஆகிறது. அந்தப் பயத்தில் பேரம் பேசாதீர்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது, ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்று கேளுங்கள். வருமானத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் ஜார்ஜ்டவுனில் இருக்கிறது.

செந்தூல்காரன் | செவ்வாய், காலை 7:05

இதுல நான் பட்டர்வொர்த் அக்கா பக்கம்தான். பணத்தையும் பிள்ளையைப் பார்க்கிறதையும் ஒண்ணாக் கட்டாதீங்க. நான் கட்டினேன். ஒரு வருஷம் பிள்ளையைக் காட்டலன்னு பணத்தை நிறுத்தினேன், பணம் வரலன்னு அவங்க இன்னும் காட்டல. கோர்ட்ல ரெண்டு பேருக்கும் திட்டு. அது வேற மனு, இது வேற மனுன்னு சொன்னாங்க.

அப்புறம் ஓ.டி. விஷயம். என் கம்பெனியில ஓ.டி. நிறுத்தினப்ப நான் நாலு மாசம் பாதிதான் கட்டினேன், தானா சரியாயிடும்னு நினைச்சேன். ஆகாது. உத்தரவுல இருக்கிற தொகை கோர்ட் மாத்துற வரைக்கும் அப்படியேதான் ஓடும், மிச்சம் கடனா ஏறும். நிலைமை மாறினா உடனே மாற்றக் கேட்டு மனு போடணும், பிரிவு 96-ன்னு என் லாயர் சொன்னார். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இதைச் சொல்லுங்க, அவருக்கும் பயம் குறையும். ஓ.டி. குறைஞ்சா மாட்டிக்குவோம்ங்கிற பயத்துலதான் நிறைய அப்பாங்க அடிப்படைச் சம்பளத்தைப் பிடிச்சுத் தொங்குறாங்க.

இன்னொண்ணு. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கித் தந்தேன், பைக்கட்டு வாங்கித் தந்தேன்னு பராமரிப்புத் தொகையில கழிக்க முடியாது. பேங்க்ல போடுங்க, எந்த மாசத்துப் பணம்னு குறிப்பு எழுதிப் போடுங்க. கையில கொடுத்த 3,000-க்கு என்கிட்ட ஒரு சாட்சியும் இல்ல.

சூலியா_தெரு | செவ்வாய், காலை 9:30

எத்தனை வயசு வரைக்கும் கட்டணும்? எங்க பக்கம் 18, மேல்படிப்புன்னா நீட்டிக்கக் கேட்கலாம். உங்க சட்டத்துல எப்படி?

வழக்குக்கட்டு | செவ்வாய், காலை 10:20

இதில் ஒரு வரலாறே இருக்கிறது. முன்பு 18 வயதோடு உத்தரவு முடியும், உடல் மனக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு மட்டும் நீளும். கல்லூரிப் படிப்பையும் அந்த விதிவிலக்குக்குள் கொண்டுவர முடியுமா என்று ஒரு வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. முடியாது, சட்டத்தின் சொற்கள் இடம் கொடுக்கவில்லை, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும் என்று 2004-இல் தீர்ப்பானது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எத்தனை தாய்மார்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, பிள்ளைக்கு எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடிந்த கையோடு பணம் நின்றுபோனதைச் சொன்னார்கள் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சரியாகப் பணம் அதிகம் தேவைப்படுகிற வயதில் நின்றுவிடும்.

2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018 டிசம்பர் 15 முதல், மேல்படிப்போ பயிற்சியோ படிக்கிற பிள்ளைக்கு அது முடியும் வரை உத்தரவு நீளும். பட்டர்வொர்த் அம்மா, உங்கள் மகளுக்கு இப்போது 11. இதையும் மனுவில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்_தாய் | ஆறு மாதம் கழித்து, வெள்ளி, இரவு 9:20

எல்லாரும் எப்படி இருக்கீங்க? முடிஞ்சதைச் சொல்லாம இருக்கக் கூடாதுன்னு வந்தேன்.

சட்ட உதவி மூலமா ஒரு அம்மா எனக்காக எழுதினாங்க. அவரும் கடைசியில இஏ பாரம், பே ஸ்லிப் கொடுத்தார். செந்தூல் அண்ணன் சொன்னதைச் சொன்னேன், ஓ.டி. குறைஞ்சா மாத்தக் கேட்கலாம்னு. அதுக்கப்புறம்தான் அவர் முகமே மாறுச்சு. பரதத்தை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கல. மகளைக் கூப்பிட்டுக் கேளுங்கன்னேன், அவர் கேட்கல, விட்டுட்டார். அவங்க அம்மாவுக்கு 300 கொடுக்கிறதையும், பிள்ளைங்க வந்து தங்க ரெண்டு அறை வீடு எடுத்ததையும் காட்டினார். அது நியாயம்தான்னு எனக்கும் பட்டது.

உயர் நீதிமன்றத்துல, லைட் ஸ்திரீட்ல, கூட்டு மனு. மாசம் 1,500, ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதிக்குள்ள என் கணக்குல. பள்ளி திறக்கிற செலவும் மருத்துவமனைச் செலவும் ரசீது காட்டினா பாதிப் பாதி. மேல்படிப்பு முடியிற வரைக்கும்னு எழுதியிருக்கு. மூணு மாசம் சரியா வந்திருக்கு. போன மாசம் மட்டும் 7-ஆம் தேதி வந்துச்சு, முன்னாடியே சொல்லிட்டார்.

நோட்டு இன்னும் எழுதுறேன். மகன் ஒண்ணாம் ஆண்டு போகப் போறான், தாடிகா போயிடும், வேன் வந்துடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_அக்கா | வெள்ளி, இரவு 9:31

படிச்சு மனசு நிறைஞ்சது தங்கச்சி. மகளை நல்லா ஆடச் சொல்லுங்க.

அம்பாங்_மல்லி | வெள்ளி, இரவு 11:48

இந்த இழையை இப்பத்தான் முழுசாப் படிச்சேன். எனக்கு உத்தரவே இருக்கு, மாசம் 900. ஆனா அவர் ரெண்டு வருஷம் எட்டு மாசமா ஒரு காசு போடல. கேட்டா வேலை இல்லங்கிறார், ஆனா வேலைக்குப் போறதைப் பார்த்தவங்க இருக்காங்க. பிள்ளை பெரியவன் ஆனதும் மொத்தமா வழக்குப் போட்டு வாங்கிக்கலாம்னு எங்க அண்ணன் சொல்றார். சரியா?

வழக்குக்கட்டு | சனி, காலை 6:20

சரியில்லை அம்மா, காத்திருக்கவே கூடாது. நிலுவையைக் கடன் மாதிரி வசூலிக்கலாம், ஆனால் வழக்குப் போடுகிற தேதிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் சேர்ந்த பாக்கியைக் கேட்க முடியாது. இன்னும் நான்கு மாதம் போனால் முதல் மாதத்து 900 கையை விட்டுப் போகத் தொடங்கும், பிறகு ஒவ்வொரு மாதமும் ஒரு 900 போகும்.

அவர் எங்கே வேலை செய்கிறார் என்று தெரிந்தால் இன்னும் நல்லது. முதலாளியே சம்பளத்தில் பிடித்து நீதிமன்றத்தில் கட்டும்படி உத்தரவு வாங்க 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உத்தரவின் முத்திரை வைத்த நகல், அவர் கடைசியாகப் பணம் போட்ட தேதி தெரியும் வங்கி அறிக்கை, கம்பெனி பெயர். இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையே உங்கள் வழக்கறிஞரிடமோ சட்ட உதவித் துறைக்கோ போங்கள். கடைசியாகப் பணம் போட்டது எந்தத் தேதி?

அம்பாங்_மல்லி | சனி, காலை 6:34

பேங்க் புத்தகத்தைத் தேடிக்கிட்டிருக்கேன் ஐயா. கிடைச்சதும் சொல்றேன்.